காற்றின் கூலி

வீடு கட்டி முடித்து, கையிருப்பு கரைந்துபோன கட்டத்தில்தான் விளக்கும் சீலிங் ஃபேனும் வாங்கும் வேலை வந்து சேரும். அதனால் எலெக்ட்ரிக்கல் கடையில் பலரும் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் விலைதான். சிமெண்டுக்கும் கம்பிக்கும் நாலு பேரிடம் விசாரித்தவர்கள், அடுத்த பதினைந்து ஆண்டுகள் தலைக்கு மேல் சுழலப்போகும் பொருளை விலைச்சீட்டை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கையில் மிஞ்சுவது அவ்வளவுதான். ஆனால் கூரையில் மாட்டும் இந்த இரண்டு பொருள்களின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கடையில் கொடுத்த விலை எந்தக் காலத்திலும் முழு விலையாக இருந்ததில்லை. மீதியை வேறு யாரோ, வேறு எங்கோ, வேறொரு நாளில் கட்டினார்கள். அந்த மீதியைக் குறைத்த பெரிய மாற்றங்களும் கடைவீதியில் தொடங்கவில்லை. மின்நிலையம், தர விதி, மொத்தக் கொள்முதல் என்று பொது ஏற்பாடுகளில்தான் தொடங்கின.

மின்சாரத்துக்கு முந்தைய பங்காவிலிருந்து தொடங்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் ஐரோப்பியர் வீடுகளில் பரவிய பங்கா, மரச்சட்டத்தில் துணி கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட பெரிய திரை. அதில் கட்டிய கயிறு சுவரின் துளை வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்து ஒருவர் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருப்பார். பொருளாகப் பார்த்தால் பங்கா மிக மலிவு: கொஞ்சம் மரம், கொஞ்சம் துணி, ஒரு கயிறு. அதன் உண்மையான செலவு கயிற்றின் மறுமுனையில் இருந்தது. மாதத்துக்குச் சில ரூபாய்க்கு ஒரு மனிதரின் உறக்கம் முழுதும் வாங்கப்பட்டது. அவர் கண்ணயர்ந்தால் உள்ளே தூங்குபவர் வியர்த்து விழிப்பார். அப்படி விழித்து வந்தவர்கள் பங்கா இழுப்பவர்களை அடித்தும் உதைத்தும் சாகடித்த வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. இறந்தவரின் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது என்ற மருத்துவச் சான்று வரும். சிறு தண்டனையோடு அல்லது அபராதத்தோடு பல வழக்குகள் முடிந்துவிடும். பங்காவை இயந்திரத்தால் இழுக்க 19-ஆம் நூற்றாண்டு முழுதும் முயற்சிகள் நடந்தன, காப்புரிமைகளும் எடுக்கப்பட்டன. அவை பரவாமல் போனதற்குக் காரணம் பொறியியல் குறைபாடு மட்டுமன்று. மனித உழைப்பு அவ்வளவு மலிவாகக் கிடைத்தபோது, இயந்திரத்துக்குச் செலவிட யாருக்கும் அவசரமில்லை. மின்விசிறி வந்த பிறகும் பங்கா உடனே ஒழிந்துவிடவில்லை. 1924-இல் வெளிவந்த இ.எம். ஃபார்ஸ்டரின் ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாவலின் நீதிமன்றக் காட்சியில்கூட ஒருவர் பங்கா இழுத்துக்கொண்டிருக்கிறார்.

பங்காவின் காலத்தில் காற்றும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று பகை. கூரையிலிருந்து வீசும் காற்றில் எண்ணெய்த் தீபமும் மெழுகுவத்தியும் அணைந்துவிடும். அதனால்தான் அந்த வீடுகளில் மெழுகுவத்தியைச் சுற்றி உயரமான கண்ணாடிக் குடுவைகள் வந்தன. விளக்குகள் நடுக்கூடத்தை விட்டுச் சுவரோரம் போயின. நம் வீடுகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருந்தன. மாடக்குழி அகல்விளக்கைக் காற்றிலிருந்து மறைத்தது. முற்றம் வெப்பத்தை மேலே விட்டது. திண்ணை மாலைக் காற்றுக்காக இருந்தது. பனையோலை விசிறி கைக்குக் கை மாறியது. மண்ணெண்ணெய் வந்த பிறகு அரிக்கேன் விளக்கும் பெட்ரோமாக்ஸும் கண்ணாடிக்குள் சுடரைக் காத்தன. இந்த ஏற்பாடுகளை இன்று நாம் ஏக்கத்தோடு பேசுகிறோம். ஆனால் முற்றமும் திண்ணையும் இடமுள்ளவர்களின் வசதிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒற்றை அறைக் குடிசைக்குள் சிம்னி விளக்கின் புகையும் கோடையின் புழுக்கமும் சேர்ந்தே இருந்தன. அங்கே விசிறிக்கொண்டிருந்த கை பெரும்பாலும் பெண்ணின் கை. கம்பிக்குள் எரியும் விளக்கும் கம்பியால் சுழலும் விசிறியும் வந்தபோதுதான் காற்றும் வெளிச்சமும் ஒரே கூரையின் கீழ்ச் சண்டையின்றி இருக்க முடிந்தது.

தையல் இயந்திரத்துக்கான மின்மோட்டாரை வடிவமைத்துக்கொண்டிருந்த ஃபிலிப் டீல், 1880-களில் அமெரிக்காவில் அதே மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கைகளைப் பூட்டினார். அந்தக் கருவிக்கு இங்கே வேலை கிடைக்க முதலில் மின்சாரம் வேண்டும். 1897-இல் கல்கத்தாவுக்கு உரிமம் கொடுக்கப்பட்டு, 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடிவிட்டது. வீடுகளுக்கான மின்சாரம் அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில், மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் பேசின் பிரிட்ஜில் நிலையம் அமைத்த பிறகே வந்தது. இரு நகரங்களிலும் மின்கம்பி போன இடம் அலுவலகங்கள், கிளப்புகள், வசதியானவர்களின் தெருக்கள். ஒரு தனியார் நிறுவனம் பணம் திரும்பி வரும் தெருவுக்குத்தான் கம்பி இழுக்கும். அதில் வியக்க ஒன்றுமில்லை. அத்தோடு, ஓர் ஊரில் நேர்மின்சாரம், இன்னோர் ஊரில் மாறுமின்சாரம், அழுத்தமும் ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் வாங்கிய ஃபேன் மற்றோரிடத்தில் ஓடுமென்ற உறுதி கிடையாது. நேர்மின்சார ஃபேன்களில் கார்பன் பிரஷ் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஜி.இ.சி., இத்தாலியின் மரெல்லி போன்ற இறக்குமதி ஃபேன்கள் வார்ப்பிரும்பின் கனத்தோடு, தேக்கு உத்தரங்களில் நீண்ட கம்பியில் தொங்கின. அரை நூற்றாண்டு ஓடக்கூடிய உறுதி அவற்றுக்கு இருந்தது. வாங்கக்கூடிய வீடுகள்தான் மிகக் குறைவு.

இந்த நிலையை மாற்றியது நீலகிரி மலைச்சரிவு. பைக்காரா ஆற்று நீரைச் சுமார் 3,000 அடி கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் அரசுத் திட்டம் 1932-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகளும் கிணற்று மோட்டார்களும் அதன் பிள்ளைகள். 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என்று அரசின் நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து வந்தன. 1947-இல் சென்னையின் தனியார் நிறுவனத்தை அரசே எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1-இல் மின்சார வாரியம் பிறந்தது. காமராஜர் ஆட்சிக் காலத்தில் கிராமங்களுக்குக் கம்பி போனதன் முதல் நோக்கம் பம்புசெட்தான். ஆனால் வயலுக்குப் போன கம்பி வழியில் தெருவையும் தொட்டது. கிணற்றுக்காக இழுத்த கம்பியிலிருந்து வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு கிடைத்தது. குடிசைகளுக்கு ஒரு விளக்குக்கு 40 வாட் வரை கட்டணமில்லா இணைப்பு என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. எந்த ஃபேன் நிறுவனமும் எந்த பல்பு நிறுவனமும் விலையை எவ்வளவு குறைத்திருந்தாலும் அந்தத் தெருவில் விற்றிருக்க முடியாது. கம்பி இல்லாத வீட்டில் இலவச ஃபேன்கூட வீண்தானே.

கம்பி மட்டும் போதவில்லை, கூரையும் மாற வேண்டியிருந்தது. சீலிங் ஃபேனுக்கு அதைத் தாங்கும் கூரை வேண்டும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் முடித்த மெட்ராஸ் டெரஸ் தளம் தாங்கியது. அந்த உயரமான அறைகளில் ஃபேன் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். கீற்றுக் கூரையிலும் நாட்டு ஓட்டிலும் மாட்ட இடமில்லை. பிறகு காங்கிரீட் வந்தது. தளம் போடும்போதே கம்பியில் கொக்கி வளைத்து விட்டுவிட்டார்கள். அறையின் உயரம் பத்தடிக்கும் கீழே இறங்கியது. நாள் முழுக்க வெயிலைக் குடித்த நாலைந்து அங்குலத் தளம் இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேனைத் தொங்கவிட இடம் கொடுத்த அதே கூரைதான் அதை இல்லாமல் முடியாத பொருளாகவும் ஆக்கியது. இந்த இரட்டைத் தன்மையை அரசின் திட்டங்களிலும் காணலாம். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டரோடு கொடுத்த மின்விசிறி டேபிள் ஃபேன்தான். கீற்று, தகரம், ஓடு என்று எல்லாவகைக் கூரையின் கீழும் ஓட வேண்டிய பொருளுக்கு அதுவே சரியான தேர்வு. அதே ஆண்டு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடிக் காங்கிரீட் வீடும், சூரிய மின்சக்தியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகளும் கொடுத்தது. அந்த ஐந்து விளக்குகளின் தேவை எல்லாம் சேர்ந்தும் அன்றைய ஒரு சாதாரண சீலிங் ஃபேனின் தேவையை எட்டாது. வெளிச்சத்தைச் சூரியத் தகட்டுக்குள் அடக்க முடிந்தது; காற்றுக்கு மின்வாரியக் கம்பியை நம்ப வேண்டியிருந்தது.

ஏன் ஃபேன் அவ்வளவு மின்சாரம் தின்றது? பங்காவின் பழைய கதை இங்கே மின்மீட்டருக்குள் புகுந்து தொடர்ந்தது. சாதாரண சீலிங் ஃபேனின் ஒற்றைக்கட்ட மோட்டார், உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் சுழற்சியாக மாற்றும். மீதி சூடாகப் போகும். பழைய ரெகுலேட்டர் இதைவிட மோசம். வேகம் பாதியாகும்போது காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சுவரிலிருந்த அந்தப் பெரிய பெட்டிக்குள் கம்பிச் சுருள் சூடேறி, மிச்சமாக வேண்டியதை எரித்துவிடும். ஃபேனை மெதுவாக வைத்தால் கரண்ட் மிச்சம் என்று நம்பியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெதுவெதுப்பான ரெகுலேட்டர்தான். தயாரிப்பவருக்கு இதில் நட்டமில்லை. செம்பைக் குறைத்துச் சுற்றினால் ஃபேனின் விலை இறங்கும், மின்கட்டணம் ஏறும், ஏறியதை அவர் கட்டப்போவதில்லை. இதைக் கட்டுப்படுத்த 1951-லேயே சீலிங் ஃபேனுக்கு இந்தியத் தரநிர்ணயம், ஐ.எஸ். 374, வெளிவந்தது. இறக்கை வீச்சின் அளவுகள், தள்ள வேண்டிய காற்று, தின்னக்கூடிய மின்சாரம் எல்லாவற்றையும் அது பேசியது. 48 அங்குலம், அதாவது 1,200 மி.மீ., என்ற அளவு ஊரெங்கும் நிலைத்ததால்தான் எந்த ஊர் எலெக்ட்ரீஷியனும் எந்த நிறுவனத்தின் ஃபேனையும் மாட்ட முடிகிறது. அந்த வகையில் தரவிதி பெரும் உதவி செய்தது. ஆனால் கடைப்பிடித்தால் நல்லது என்ற அளவில் அது நின்றதால், 75 வாட் ஃபேன்கள் பல்லாண்டுகள் தடையின்றி விற்றன.

விளக்கின் கதை வேகமாக நகர்ந்தது. குண்டு பல்பு தனக்குள் வரும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கையே வெளிச்சமாக்கும். டியூப்லைட் சோக்கும் ஸ்டார்ட்டருமாக வந்து அந்தக் கணக்கைப் பலமடங்கு உயர்த்தியது. கூரையின் நடுவை ஃபேன் பிடித்துக்கொண்டதாலும், இறக்கைக்கு மேலே விளக்கிருந்தால் நிழல் வெட்டும் என்பதாலும் டியூப்லைட் சுவருக்குப் போயிற்று. நம் வீடுகளில் விளக்கு இன்றும் அங்கேதான் இருக்கிறது. சி.எஃப்.எல். சில ஆண்டுகள் இருந்தது. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் நோபெல் பரிசு பெற்ற 2014-ஆம் ஆண்டில், எல்.இ.டி. பல்பை நடுவண் அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் வீடுகளுக்கு முதலில் கொண்டுபோன இடம் புதுச்சேரி. அன்று மொத்தமாக வாங்கும்போதே ஒரு பல்பின் விலை 310 ரூபாய். வீட்டுக்காரர் முன்பணமாகக் கொடுத்தது 10 ரூபாய். அடுத்த ஆண்டு நாடு முழுதுக்கும் விரிந்து, பின்னர் உஜாலா என்று பெயர் பெற்ற அத்திட்டத்தில் கொள்முதல் விலை 2016-க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்டில் தரும் பொருள், ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வந்தது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். எல்.இ.டி. விலை உலகெங்கும்தான் இறங்கியது. சீனத் தொழிற்சாலைகளும் நிறுவனங்களின் போட்டியும் செய்ததை அரசின் கணக்கில் எழுதலாமா? உலக விலை இறங்கியது உண்மை, கண்டுபிடித்தவர்களும் உற்பத்தி செய்தவர்களும் இல்லாமல் எந்த அரசாலும் பல்பு கொடுத்திருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் இரண்டே ஆண்டுகளில் எட்டில் ஒரு பங்காகச் சரிந்த வேகத்துக்கு அந்த விளக்கம் போதாது. கோடிக்கணக்கில் வாங்குவோம் என்ற உறுதி முன்கூட்டியே இருந்ததால்தான் நிறுவனங்கள் பெரிய அளவில் உற்பத்திக்குத் துணிந்தன. வெளிப்படையான ஏலத்தில் ஒருவர் சொன்ன விலை அடுத்தவருக்கு எல்லையானது. கடையில் விற்ற அதே பல்பின் விலையும் அதைத் தொடர்ந்தே இறங்கியது. போட்டி விலையைக் குறைக்கும். எதை வைத்துப் போட்டியிட வேண்டும் என்பதைப் பொது விதி சொல்லாவிட்டால், குறைந்த செம்பை வைத்தும் போட்டி நடக்கும். ஃபேன் சந்தையில் அதுதான் நடந்தது.

ஃபேனுக்கு அந்த விதி 2023 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதுவரை விருப்பத்துக்கு விட்டிருந்த நட்சத்திர முத்திரை அன்று கட்டாயமானது. ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்றின் கனமீட்டரை வாட்டால் வகுத்து வரும் எண்தான் அடிப்படை: 1,200 மி.மீ. ஃபேனுக்கு அது 4 இருந்தால் ஒரு நட்சத்திரம், 6-ஐத் தொட்டால் ஐந்து. பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார், கடைகளில் பி.எல்.டி.சி. என்று சொல்கிறார்களே அது, 30 வாட் அளவிலேயே ஐந்து நட்சத்திரத்தை எட்டிவிடுகிறது. ஒரு தமிழ்நாட்டு வீட்டின் கணக்கில் இதை வைத்துப் பார்க்கலாம். 75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். 30 வாட் ஃபேனுக்கு 22 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். பழைய ஃபேன் இரண்டு ஓடினாலே அந்த 100 தாண்டிவிடும். புதியவை இரண்டு 43 யூனிட்டில் நிற்கும். விளக்குக்கும் டிவிக்கும் மிச்சமிருக்கும். அடுக்கடுக்காக ஏறும் கட்டண முறையில், பெரிய வீடுகளில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் மிக உயர்ந்த அடுக்கிலிருந்து கழிகிறது. கடையில் முதலில் கேட்க வேண்டியவை, அதனால், ஃபேனில் காற்றின் அளவும் வாட்டும் நட்சத்திரமும். விளக்கில் வாட்டுக்கு முன்பாக, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென். விலையை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.

பி.எல்.டி.சி. ஃபேனுக்கு எதிராக எலெக்ட்ரீஷியன்கள் சொல்வதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். பழைய ஃபேன் சுற்றவில்லையென்றால் கண்டென்சரை மாற்றினால் பாதி நோய் தீரும். காயில் எரிந்தால் தெருமுனைக் கடையில் காயில் கட்டி மறுநாள் வாங்கிவரலாம். பேரிங் தேய்ந்தாலும் அப்படித்தான். அந்தச் சிறு பட்டறைகள் இந்நாட்டின் ஃபேனை மலிவாக்கியதில் எந்தத் திட்டத்துக்கும் குறையாத பங்கு வகித்தவை, வரலாற்றில் பெயரில்லாமல் போனவை. புதிய ஃபேனில் மின்னணுப் பலகை போனால் நிறுவனத்தின் உதிரிக்குக் காத்திருக்க வேண்டும். பலகை கிடைக்காமல் மூன்றாம் ஆண்டில் முழு ஃபேனும் குப்பைக்குப் போனால் மிச்சப்பட்ட யூனிட்டெல்லாம் அதோடு போகும். ஆகவே வாட்டைக் குறைத்த தரவிதி பழுதையும் எட்ட வேண்டும்; உதிரிப் பலகை இத்தனை ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுவரை வாங்குபவர் உத்தரவாதக் காலத்தையும் ஊரிலுள்ள சர்வீஸையும் விலையின் ஒரு பகுதியாகவே பார்ப்பது நல்லது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இருமடங்கு விலை கொடுத்து வாங்கினால் பின்னால் மிச்சம் என்பது, இன்று கையில் பணமில்லாதவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா? அல்ல. வாடகை வீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது: ஃபேனை வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர், மீட்டருக்குக் கட்டுபவர் குடியிருப்பவர். வாங்குபவருக்கு மலிவான ஃபேன் போதும், குடியிருப்பவருக்கு அதை மாற்றும் உரிமையில்லை. எல்.இ.டி. போல ஃபேன் விலையும் தானே சரிந்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. பல்பின் உயிர் ஒரு சின்னஞ்சிறு குறைக்கடத்தித் துண்டு; உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை விழும். ஃபேனில் இருப்பது கிலோக்கணக்கில் எஃகு, அலுமினியம், செம்பு, புதியவற்றில் காந்தமும். அவற்றின் விலை ஓரளவுக்குக் கீழே இறங்காது. ஈ.ஈ.எஸ்.எல். 2023-இல் ஒரு கோடி ஃபேன்களை இலக்காக வைத்துத் தொடங்கிய திட்டத்தின் முன்னுள்ள கடினமும் இதுதான். மொத்தக் கொள்முதல் விலையைக் கொஞ்சம் இறக்கும், மீதி இடைவெளியை மூடாது. புதுச்சேரியில் பத்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு பல்பைக் கொடுத்த முறையில் அதற்கொரு வழி இருக்கிறது: ஃபேனை முதலில் மாட்டிவிட்டு, மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பிலிருந்தே விலையை மின்கட்டணச் சீட்டில் தவணையாகப் பிடிப்பது. வாடகைக்கு இருப்பவர் வீடு மாறினால் மீதித் தவணை மீட்டரோடு அடுத்துக் குடிவருபவருக்குப் போகும். ஃபேனும் அங்கேயே இருக்கும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மீட்டரும் கட்டணச் சீட்டும் வசூல் செய்யும் அலுவலகமும் மின்வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன.